கால் பின்னி உட்கார்ந்தவள்

இரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சிறுமியின் நாற்காலி அவளைச் சுமந்துகொண்டு வகுப்பறையை விட்டு வெளியே நடந்து போனது. மழை விட்டிருந்த திங்கட்கிழமை காலை. நாற்காலி ஒன்றும் அவசரப்படவில்லை. முன்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்து, வாசற்படியில் கொஞ்சம் தயங்கி, பின்கால்களை இழுத்துக்கொண்டு இறங்கி, தாழ்வாரத்தின் வழியாகத் தண்ணீர்க் குழாய்வரை போய் நின்றது. அங்கே ஒரு காகம் சோப்புத் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காகம் தோற்றுப் பறந்து போகும்வரை சிறுமி அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலி திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. கரும்பலகையில் அதற்குள் கூட்டல் முடிந்து கழித்தல் தொடங்கியிருந்தது. அவள் கையிலிருந்த பென்சில் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பென்சில் தொலைந்ததை வீட்டில் யாரும் இப்போதெல்லாம் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இதில் அதிர்ச்சியைவிடத் தொந்தரவுதான் அதிகம். முதலில் அவளை முன்வரிசைக்கு மாற்றினார்கள்; முன்வரிசையிலிருந்து வாசல் பக்கம் என்பதால் நாற்காலிக்கு வசதியாகப் போயிற்று. நாற்காலியில்தான் கோளாறு என்று வேறு நாற்காலி கொடுத்தார்கள், அதுவும் நடந்தது. காவலாளி கயிறு கொண்டுவந்து ஜன்னல் கம்பியோடு கட்டினார். நாற்காலி இருந்த இடத்திலேயே தாளம் போட, வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. கடைசியில் மூன்று பிள்ளைகளோடு சேர்த்து ஒரு நீள பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெஞ்சு நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டது. மற்ற மூவரின் பெற்றோரும் மறுநாள் கூட்டாக வந்து நின்றார்கள். பிள்ளைகள் அவளுக்கு ‘வண்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வகுப்பு ஆசிரியையின் வாயிலும் ஓரிரு முறை தவறி வந்துவிட்டது.

அவளுடைய அம்மா பல் செட் செய்பவள். கடைத்தெருவின் மாடியில் இருந்த ஒரு பட்டறையில், டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை நிறுத்தி, சின்னக் கத்தியால் செதுக்கி, யார் யாருடைய வாய்க்கோ புதிய சிரிப்பைத் தயாரித்து அனுப்புவாள். தெருவில் அவளைப் பல்லுக்காரி என்பார்கள். அவள் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு கேட்டாலும் அதே குரலில்தான் கேட்பார்.

வகுப்பு ஆசிரியை பல்லுக்காரியை வரச் சொன்னார். கூப்பிட்ட நாளுக்கு அடுத்த நாள்தான் அவள் போனாள், நாளை மறந்துவிட்டிருந்தாள்.

“கெட்ட பொண்ணு இல்லைங்க,” என்றார் ஆசிரியை. “நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடுறா. பாதி தப்பா இருக்கும். மீதி எனக்கே தெரியாததா இருக்கும். ஆனா அந்த நாற்காலியை நிறுத்தணும். என்னால பாடம் எடுக்க முடியலை.”

பல்லுக்காரிக்கு முகம் சுருங்கியது. நாற்காலி நடந்தது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை. நாற்காலி என்றால் நடக்கத்தான் செய்யும். அதை நிறுத்திவைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது தாய். பல் தேய்க்கவும் பொத்தான் போடவும் சொல்லிக் கொடுத்தவள் இதை மட்டும் எப்படி விட்டோம் என்றுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் விட்டுப்போன காரியங்கள் கொஞ்சமா நஞ்சமா.

“என் தப்புதான் மிஸ். நான் சொல்லித் தர்றேன்,” என்றாள்.

அன்று மாலையே சமையலறை நாற்காலியில் மகளை உட்காரவைத்தாள். “இந்தக் காலை உள்பக்கமாச் சுத்து. அந்தக் காலை அதே மாதிரி. பாதத்தை நாற்காலிக் காலுக்குப் பின்னால கோத்துக்கோ. இப்போ தொடையை இறுக்கு. விடாதே, விடாதே!” நாற்காலி கன்றுக்குட்டிபோலத் திமிறியது. இரண்டு தடவை உலுக்கிப் பார்த்தது. பிறகு அடங்கிவிட்டது. சிறுமிக்கு அது விளையாட்டாக இருந்தது, சிரித்தாள்.

“எவ்வளவு நேரம்மா?”

“பெல் அடிக்கிற வரைக்கும்.”

ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வந்தது, பொண்ணு தங்கமாக மாறிவிட்டாள் என்று. அறிவிப்பாளர் வழக்கமான குரலில் அதை வீடு முழுக்க அறிவித்தார். பல்லுக்காரிக்கும் நிம்மதி. அந்த நிம்மதி அந்தப் பருவமழை முடியும்வரைகூடத் தாங்கவில்லை.

முன்பெல்லாம் பள்ளி விட்டு வந்ததும் சிறுமி செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கதையை ஆரம்பித்துவிடுவாள். அது காகத்தில் தொடங்கி, காவலாளியின் மீசைக்குத் தாவி, நிலாவுக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியில் போய் முட்டி நிற்கும். நடுவில் ஒரு செருப்பு கழற்றப்படாமலேயே இருக்கும். இப்போது வந்ததும் மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டால், “ஒண்ணுமில்ல.” மதிப்பெண்ணும் சரிந்தது. ஆசிரியை மறுபடி கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்திலும் குழப்பம். நடந்துகொண்டிருந்தபோது பாதிப் பாடமாவது தெரிந்த பெண்ணுக்கு, அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. “என்னையேதான் பார்க்குறா. ஆனா ஒரு வார்த்தை உள்ளே போகலை. கவனமெல்லாம் வேற எங்கேயோ இருக்கு,” என்றார்.

அறிவிப்பாளருக்கு வேறொரு கணக்கு. “தரையில கட்டைகளை அடுக்க உட்கார்ந்தா, சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் காதுல விழமாட்டேங்குது. அப்போ மட்டும் எப்படி முடியுது? வேணும்னா முடியுது, வேணாம்னா முடியலை. இதுக்குப் பேரு திமிர்தான்,” என்றார். பல்லுக்காரிக்குத் தன் முக்காலி நினைவுக்கு வந்தது. பட்டறையில் ஒரு கடைவாய்ப்பல்லை மெழுகில் செதுக்க உட்கார்ந்தால் அவளுடைய முக்காலியும் ஆணியடித்ததுபோல் தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் பிளாஸ்டர் கல்லாகிப்போவதும் மதியச் சாப்பாட்டு வேளை கடந்துபோவதும் தெரியாது. அதே முக்காலி, ரசீது எழுத உட்கார்ந்தால் மாடிப்படிப் பக்கம் கிளம்பிவிடும். இதைத் திமிர் என்று அவள் நினைத்ததில்லை. வேறு என்னவென்றும் நினைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் குளிப்பாட்டும்போது கணுக்கால்களைப் பார்த்தாள். இரண்டிலும் வளையம்போட்டதுபோல் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. சோப்பு பட்டதும் சிறுமி காலை இழுத்துக்கொண்டாள். பல்லுக்காரி தன் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்கால்களைப் பார்த்தாள். அங்கே அதே இடத்தில் தோல் கறுத்து, தடித்து, காய்ப்புக் காய்ச்சிப்போயிருந்தது. பெண்களின் கால் இந்த வயதில் இப்படித்தான் ஆகும் என்று அவள் நம்பியிருந்தாள்.

“அம்மா, நான் பெரியவளானா நாற்காலி தானா நின்னுடுமா?”

ஒரு பொய் அவள் வாய்வரை வந்தது. ஆனால் சிறுமியின் கால் அவள் கையில் இருந்தது. “இல்ல கண்ணு,” என்றாள்.

“உனக்கு இன்னும் நடக்குதா?”

“நடக்கும்.”

“அப்பாவுக்கு?”

அப்பாவுக்கும்தான் என்று சொல்ல வந்தவள், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. மூச்சு விடுகிறீர்களா என்று யாராவது கேட்பார்களா?

கூடத்தில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு போய் எதிரில் நின்றாள். “ஏங்க, உங்க நாற்காலியை எப்படிப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

“எதுக்குப் பிடிக்கணும்?”

“நடக்காம இருக்கத்தான்.”

அவர் செய்தித்தாளை மடித்தார். “நாற்காலி எதுக்கும்மா நடக்கணும்?”

அவள் குனிந்து பார்த்தாள். அவர் ஒரு காலை மடித்துத் தொடைமேல் போட்டிருந்தார். மற்றக் கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் செருப்பு ஊசலாடியது. நாற்காலி நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பல்லுக்காரி ஊரார் காலைப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். வங்கியில் காசாளர் ஒரு காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைப் பெண் இரண்டு பாதங்களையும் தரையில் அக்கடா என்று நீட்டியிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன, நாற்காலி அசையவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களெல்லாம் மாலையில் வீட்டுக்குப் போய் எப்படி இன்னொரு வேலையைச் செய்கிறார்கள் என்று அவள் எத்தனையோ முறை அதிசயித்திருக்கிறாள். தனக்கு மட்டும் ஏன் அந்தி சாய்வதற்குள் உடம்பு துவைத்த துணியாகிவிடுகிறது என்று தன்னைத்தானே திட்டியிருக்கிறாள். பாதியில் விட்ட இரண்டு படிப்புகளை நினைத்தாள். சோம்பேறி என்று அவளைச் சொன்னவர்களையும், அவர்கள் சொன்னது சரி என்று தலையாட்டியதையும் நினைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வந்தது கொட்டாவிதான்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், நான் சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இனி என் பெண் காலைப் பின்னமாட்டாள் என்றாள். ஆசிரியை சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தவர், “பெரியாஸ்பத்திரியில குழந்தைகளுக்குன்னு ஒரு மனநல டாக்டரம்மா இருக்காங்க. எங்கக்கா பையனை அங்கேதான் கூட்டிட்டுப் போனாங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயந்துட்டேன்,” என்றார்.

டாக்டரம்மா குள்ளமானவர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதைத் தேடாமலேயே வேலை பார்ப்பவர். நாற்காலியைப் பற்றி அவர் ஆச்சரியப்படவே இல்லை. சளி எத்தனை நாளாக என்று கேட்கும் தொனியில், நடப்பது பள்ளியில் மட்டுமா, வீட்டிலுமா, கல்யாண வீட்டுக்குப் போனால் எப்படி, நடக்கக் கற்ற வயதிலிருந்தே இப்படியா என்று கேட்டார். எல்லாக் குழந்தையும் ஒரு நாளாவது நாற்காலியை உலுக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, எல்லா இடத்திலும் பல காலமாக நடந்து, அதனால் குழந்தை கஷ்டப்படுகிறதா என்பதுதான் தனக்குத் தெரியவேண்டும் என்றார். அவசரமாக ஒரு முடிவுக்கும் வரவில்லை. சிறுமியின் காதையும் கண்ணையும் சோதிக்கச் சொன்னார், தூக்கத்தை விசாரித்தார், ஆசிரியையோடு போனில் பேசினார், வேறொரு நாள் மறுபடி வரச் சொன்னார். அப்படி மறுபடி வந்த நாளில்தான் அது நடந்தது.

“ஒரு வேலையை ஆரம்பிச்சா முடிக்கிறாளா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எங்கே டாக்டர்,” என்றாள் பல்லுக்காரி. “அடுப்புல பாலை வெச்சுட்டு, துணி காயப்போட மாடிக்குப் போயி, அங்கே தொட்டியில தண்ணி இல்லையேன்னு மோட்டார் போடக் கீழே வந்து, சாவியைத் தேடப் போயி, சாவி கிடைக்கிறதுக்குள்ள பழைய போட்டோ கிடைச்சு, அதைப் பார்த்துட்டு உட்கார்ந்தா, பாலு பொங்கிப் பாத்திரமே கரிஞ்சிருக்கும்.”

டாக்டரம்மா சிறுமியைப் பார்த்தார். “குழந்தையா அடுப்புல பால் வைக்குது?”

அறிவிப்பாளர் மனைவியைப் பார்த்தார். பல்லுக்காரி தன் கைகளைப் பார்த்தாள். மகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு எங்கிருந்து தன்னைப் பற்றிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

“உங்க காலைக் கொஞ்சம் விடுங்க,” என்றார் டாக்டரம்மா.

“எந்தக் காலை?”

“நாற்காலியோட பின்னியிருக்கீங்களே, அதை.”

அவள் விட்டாள். சட்டென்று விட முடியவில்லை. இடது பாதத்தைக் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியின் இரும்பு நாற்காலி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, அவளைச் சுமந்துகொண்டு கதவைத் தள்ளித் திறந்து தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா எழுந்து அதன் கூடவே நடந்தார். நடந்துகொண்டே, வரிசையில் நிற்பது எப்படி, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது மனம் எங்கே போகிறது, சின்ன வயதில் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டபடியே வந்தார். பின்னால் அறிவிப்பாளர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். “அம்மாவும் வண்டி! அம்மாவும் வண்டி!” என்று சிறுமி குதித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது.

சின்ன வயதைப் பற்றிப் பல்லுக்காரிக்கு நிச்சயமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கியதுதான் நினைவில் இருந்தது. வேறு யாரையாவது கேட்க முடியுமா என்றார் டாக்டரம்மா. அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“நீயா? சத்தமே வராதுடி உன்கிட்டேருந்து,” என்றாள் அக்கா. “எப்பப் பாரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துட்டு, காலைப் பாம்பு மாதிரி பின்னிக்கிட்டு உட்கார்ந்திருப்பே.”

“அது எப்போலேருந்துக்கா?”

அக்கா யோசித்தாள். “ஒரு தடவை நீ சாப்பிட உட்கார்ந்த நாற்காலியோட ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டியே. அப்பா போய்த் தூக்கிட்டு வந்து, விருந்தாளிங்க எதிர்லயே அறைஞ்சாரு. உனக்கு ஞாபகமில்லையா? அதுக்கப்புறம்தான்.”

அவளுக்கு ஞாபகமில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் என்றார் டாக்டரம்மா. மூளை கவனத்தைப் பிடித்துவைக்கிற விதம் சிலருக்கு வேறுமாதிரி அமைந்துவிடுகிறது, குடும்பத்தில் தொடர்ந்து வரும், பெண்குழந்தைகள் அதை உள்ளே மறைத்துக்கொள்வதால் பல பேருக்குப் பெரியவர்களாகும்வரை தெரிவதே இல்லை என்றார். வெளியே நாற்காலி நிற்கிறது என்பதால் உள்ளே நிற்கிறது என்று அர்த்தமில்லை. சிறுமிக்கு இதுதான் என்று உறுதியாகச் சொன்னவர், பல்லுக்காரியைப் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். அவரும் பல வாரம் விசாரித்து அதையே சொன்னார்.

“நாங்க வளர்த்தது சரியில்லையா டாக்டர்?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார் அறிவிப்பாளர். அவர் குரலில் ஒலிபெருக்கி இல்லை.

“இல்லைங்க.”

“அப்போ திமிரு?”

“அதுவும் இல்லை. பிடிச்ச வேலையில நாற்காலி தானா நிக்கும். பிடிக்காத வேலையில நிறுத்த அவங்களால ஆகாது. அவங்க கையில இருந்தா என்னைக்கோ நிறுத்தியிருப்பாங்களே.”

அவர் தலையைச் சொறிந்தார். புரிந்தது என்று சொன்னார். புரியவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் வெங்காய விலை ஏறி இறங்கியது, கடைத்தெருவுக்குப் புதுச் சாலை போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சிறுமி காலையில் ஒரு மாத்திரை சாப்பிட்டாள். நாற்காலி நடப்பதை விடவில்லை. ஆனால் வாசலுக்குப் போனதும் நின்று, போகட்டுமா என்று கேட்பதுபோல் காத்திருந்தது. சில நாள் அவள் போகலாம் என்றாள், சில நாள் வேண்டாம் என்றாள். ஆசிரியை அவளைக் கடைசி வரிசை ஓரத்துக்கு மாற்றி, சுற்றிலும் இடம் விட்டு, பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கொடுத்தார். நடுநடுவே தலைமையாசிரியர் அறைக்குச் சாக்பீஸ் வாங்க அனுப்பினார். அந்தப் பள்ளியில் சாக்பீஸ் செலவு கூடியதற்கு அதுதான் காரணம். காலில் நீலம் மறைந்தது. ஒற்றைச் செருப்போடு கதை சொல்வது திரும்ப வந்தது.

பல்லுக்காரிக்கு முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வாய் உலர்ந்தது; மாற்றிக் கொடுத்தார்கள். ரசீது எழுதும் வேலையைப் பட்டறை முதலாளி வேறொருவருக்குக் கொடுத்தார். அறிவிப்பாளர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் உதவினார்: காலையில் சமையலறை வாசலில் நின்று, “பல் பட்டறை செல்லும் பயணியின் கவனத்திற்கு, அடுப்பில் பால் உள்ளது, சாவி ஆணியில் உள்ளது,” என்று அறிவித்தார். முதலில் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் வெளியூர் போயிருந்த காலையில், பாலும் பொங்கி சாவியும் தொலைந்தபோது, போன் போட்டு அறிவிக்கச் சொன்னாள்.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சில நாள் தன் அப்பாமேல் கோபப்பட்டாள். அவர் இறந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. சில நாள் தன்மேல், தன் பெண்ணின் காலைத் தானே கட்டியதற்காக. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி அவளை அரித்தது. இத்தனை காலம் அவள் பலத்தையெல்லாம் தின்றுகொண்டு திமிறிய அந்த நாற்காலி எங்கேதான் போக நினைத்தது? ஏதோ ஓர் இடம் இருக்கிறது, தான் போயிருக்கவேண்டிய இடம், அங்கே தனக்கான வேறொரு வாழ்க்கை கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, மாத்திரை சாப்பிடாமல், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான், வாசலில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை விட்டாள். மகள் தன் நாற்காலியோடு கூட வந்தாள். அறிவிப்பாளர் தண்ணீர் பாட்டிலோடு நடுவில் நடந்தார். பல்லுக்காரியின் நாற்காலி தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பேருந்துகள் திரும்பும் கடைசி நிறுத்தம்வரை போயிற்று. அவள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள். அங்கே ஒரு காலி மனையின் ஓரமாகப் போய் நாற்காலி நின்றது. இரண்டு ஆட்கள் ஏணி போட்டுச் சுவரில் பெயின்ட் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி அதைப் பார்த்தது. கீழே ஒரு நாய் தன் வாலைத் துரத்தியது. நாற்காலி அந்தப் பக்கம் திரும்பி அதையும் பார்த்தது. பிறகு ஒரு பழைய டயரைச் சுற்றி வந்தது. அப்புறம் அதற்குச் சலித்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது.

“இவ்வளவுதானா?” என்றாள் பல்லுக்காரி.

“வேற என்ன வேணும்? அந்த நாய் நல்லா இருந்துச்சே,” என்றாள் மகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. இவ்வளவுதானா என்று இன்னொரு தடவை சொன்னாள். அறிவிப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். கால்கள் இரண்டும் நாற்காலியிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. காற்று கணுக்காலில் பட்டது.

திரும்பி வரும்போது தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவர் தன் சைக்கிள்களை வரிசையாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னைக்கு ரெண்டும் கிளம்பிடுச்சா?” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் பல்லுக்காரி.

அவர் இரண்டு சைக்கிள்களைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின.